மஞ்சப்பையில் ஒன்றே முக்கால் கிலோ

எங்கள் தெருமுனை அண்ணாச்சி கடையில் சீனியும் பருப்பும் நிறுக்கிற தராசில்தான் செவலையை முதன்முதலாக எடை போட்டேன். மஞ்சப்பைக்குள் உட்கார்ந்து, காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டியிருந்தான். ஒரு கிலோ 850 கிராம். ஒரு வாரம் கழித்து அதே பையில், அதே தராசில், ஒரு கிலோ 790. "என்னக்கா, தீனி போடுதியளா இல்லையா?" என்று கேட்டார் அண்ணாச்சி. போடாமலா? அந்த ஏழு நாளில் அவனுக்குப் போட்டதையெல்லாம் எழுதினால் கடைப் பேரேடு நிறைந்துவிடும்.

செவலை சிப்பிப்பாறை இன நாய்க்குட்டி. கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து என் தம்பி வாங்கி வந்தான். "தாய்க்குப் பால் வத்திட்டு, இனிமே நீங்கதான் பாத்துக்கிடணும்" என்று சொல்லிக் கொடுத்தார்களாம். அப்போது வயது 35 நாள். பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்த அன்றே அம்மா ஒரு கிண்ணம் பசும்பால் வைத்தாள். மறுநாள் விடியும்போது வாசல் முழுக்கத் தண்ணீராய்க் கழிந்திருந்தான்.

பால் வேண்டாம் என்றால் அம்மா கேட்பாளா? "ஏட்டி, பச்சப்பிள்ளைக்குப் பால் ஊத்தாம பின்ன பரோட்டாவா போடுவ?" என்றாள். டாக்டர் பிற்பாடு சொல்லித்தான் அவள் நம்பினாள். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். பால்சர்க்கரை மட்டும் பசும்பாலில்தான் கூடுதல். குட்டி வளர வளர அந்தச் சர்க்கரையைச் செரிக்கிற திறன் குறைந்துகொண்டே போகும். செரிக்காமல் மிஞ்சுவது குடலில் தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியேறும்.

பாலை நிறுத்தியதும் அடுத்த கூத்து ஆரம்பித்தது. காலையில் பிஸ்கட். அதை மோந்துவிட்டுப் போனால் அவித்த முட்டை. முட்டையை நக்கிவிட்டு நகர்ந்தால் ஆட்டு ஈரல். மதியம் மகன் பள்ளியிலிருந்து கொண்டுவந்த மிச்ச இட்லி. எதிர்வீட்டு அத்தை, "நெய் ஒரு கரண்டி ஊத்து, சதை வச்சிரும்" என்றார்கள். ஊற்றினேன். அன்று ராத்திரி நானும் தம்பியும் மாற்றி மாற்றித் தரை கழுவினோம். பத்தே நாளில் குட்டி எதைக் கொண்டுபோய் வைத்தாலும் ஒரு மோப்பம் பிடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகிவிட்டான். "நாக்கு நீளம்" என்று வீட்டில் பேரும் வைத்தாயிற்று. இதைத் திருப்பினால் வேறொன்று வரும் என்று கற்றுக்கொடுத்தது நாங்கள்தான் என்பது அப்போது எவருக்கும் உறைக்கவில்லை. ஒரு குட்டிக்கு நான்கு பேர் தீனி வைத்தால் யார் என்ன வைத்தார், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று எப்படித் தெரியும்?

டாக்டரிடம் போனபோது, என்ன சாப்பிடுகிறான் என்று அவர் முதலில் கேட்கவே இல்லை. மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய ஈறு வெளிறிப்போய், பழைய துணி நிறத்தில் இருந்தது. "காலைல போன மலம் கொண்டாந்தியளா?" என்றார். கொண்டுபோகவில்லை. மறுநாள் ஒரு சின்ன டப்பாவில் கொண்டுபோனேன். நுண்ணோக்கியில் பார்த்தால் கொக்கிப்புழு முட்டை.

"பூச்சி மருந்து குடுத்தாச்சுன்னு சொன்னாங்களே சார். மலத்துல புழு ஒண்ணும் தெரியலையே" என்றேன். முட்டை கண்ணுக்குத் தெரியாது என்றார். கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும். உருண்டைப்புழு வயிற்றில் இருக்கும்போதே வந்துவிடும். அதனால்தான் பிறந்த இரண்டாம் வாரம் தொடங்கி மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து, அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒன்று. ஒரு தடவை கொடுத்து முடிக்கிற காரியம் இல்லை. மருந்தின் அளவும் குட்டியின் எடைக்குத் தக்கதுதான். குடலின் உட்சுவரைக் கடித்து ரத்தம் குடிக்கிற புழுக்களுக்கும் சேர்த்து நான் ஈரல் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஆகவே, ஒல்லிக் குட்டிக்கு என்ன தீனி என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் இப்போது திருப்பிக் கேட்பது: மலம் பரிசோதித்தாயிற்றா?

இன்னொன்றையும் அன்றைக்குத்தான் கற்றேன். சிப்பிப்பாறை பிறவியிலேயே ஒல்லி. ஓடுவதற்கென்றே வார்த்த உடம்பு. வளர்ந்த நாய்க்குக் கடைசி இரண்டு மூன்று விலா தெரிந்தால் அது பட்டினி இல்லை. அப்படியென்றால் மெலிவை எப்படிக் கண்டுபிடிப்பது? டாக்டர் என் கையை முஷ்டி மடக்கச் சொல்லி விரல் முட்டிகளைத் தடவச் சொன்னார். விலா அப்படி முண்டுமுண்டாக நெருடினால் குட்டி மெலிவு. கையை விரித்து, புறங்கையை விரலுக்குக் கீழே தடவினால் எலும்பு இருப்பது தெரியும், ஆனால் குத்தாது, அதுதான் சரி. செவலைக்கு விலா மட்டுமில்லை, இடுப்பெலும்பும் முதுகுத்தண்டும்கூட முஷ்டி போலத்தான் நெருடின.

அப்புறம் சாப்பாடு. தோல் நீக்கிய கோழிக்கறி, உப்பில்லாமல் அவித்தது. குழைய வடித்த பச்சரிசிச் சோறு. ஒரு தேக்கரண்டி அவித்த மஞ்சள் பூசணி. வேறு எதுவும் கூடாது. வெங்காயம், பூண்டு விழுந்த சாம்பாரும் குழம்பும் அறவே ஆகாது. நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அவை உடைக்கும். ஏற்கெனவே ரத்தம் குறைந்த குட்டிக்கு அது இரட்டை அடி.

எனக்கு நம்பவே முடியாமல் இருந்தது அளவுதான். இரண்டு கிலோவை எட்டும் குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 350 கலோரி போதும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். சோறு 150 கிராம், கறி 95 கிராம், அவ்வளவுதான். அதை ஐந்தாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு ஓர் எலுமிச்சம்பழம் அளவு! நான் கிண்ணம் கிண்ணமாக வைத்துவிட்டு, பாதி மிச்சம் வைக்கிறானே என்று அழுதிருக்கிறேன். சின்னக் குடலில் ஒரே நேரத்தில் அதிகம் போய் விழுந்தாலே கழிச்சல் வரும். தேறட்டும் என்று திணித்ததே அவனை இளைக்கவைத்தது.

தீனி வைக்கிற கை இனி ஒன்றுதான், என் கை, என்று வீட்டில் அறிவித்தேன். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. காலை ஐந்தரை, ஒன்பது, மதியம் ஒன்று, மாலை ஐந்தரை, ராத்திரி ஒன்பது. சித்திரை வெயிலில் மதிய வேளையில் பாதிதான் தின்பான். விடிகாலையிலும் ராத்திரியிலும் மிச்சம் வைக்கமாட்டான். வைத்துப் பதினைந்து நிமிடம் ஆனால் தின்றாலும் தின்னாவிட்டாலும் எடுத்துவிடுவேன். நடுவில் எதுவும் கிடையாது, தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைத்தால் வாசனை எழும்பாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து, உள்ளங்கைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் வைப்பேன்.

அப்படியும் முதல் இரண்டு நாள் ஓரிரு வாய் தின்றதும் தட்டைவிட்டு ஓடிவிடுவான். மூன்றாம் நாள் நானும் தரையில் படுத்து, அவன் கண் மட்டத்திலிருந்து பார்த்தேன். எவர்சில்வர் தட்டு. மூக்கு பட்டதும் மொசைக் தரையில் 'கிரீச்' என்று நகர்ந்தது, அவன் துள்ளி ஓடினான். அம்மாதான் எழுந்துபோய்த் துருவி முடித்த தேங்காய்ச் சிரட்டை ஒன்றைக் கொண்டுவந்து சாக்குத் துணிமேல் பதித்து வைத்தாள். சோறெல்லாம் ஒரே மூச்சில் காலி. நாக்கு நீளம் என்று பேர் வாங்கியவனுக்கு இருந்த குறை தட்டுச் சத்தம்.

ஆனால் பிகு வேறு, நோய் வேறு. அரை நாளுக்கு மேல் எதையுமே தொடாமல் சுருண்டு கிடக்கிற குட்டி பிகு பண்ணவில்லை. இத்தனை சின்ன உடம்பில் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். அதற்குப் பட்டினி வைத்தியம் பார்க்கக் கூடாது. ஈறில் கொஞ்சம் தேனோ சீனித் தண்ணீரோ தடவிக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டும். வாந்தியோடு நாற்றமெடுத்த ரத்தக் கழிச்சல், அதுவும் தடுப்பூசி போடாத குட்டிக்கு என்றால், பார்வோவாக இருக்கலாம். நாளை பார்க்கலாம் என்கிற பேச்சே கூடாது. வீட்டில் மனிதருக்கு வாங்கிவைத்த கழிச்சல் மாத்திரை, காய்ச்சல் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள்.

மகனின் பழைய கணக்கு நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் என்று எழுதிவந்தேன்: என்ன தின்றான், எத்தனை தடவை போனான், கையில் எடுக்கிற மாதிரி கட்டியா, குழைவா, தண்ணீரா. படிக்க அருவருப்புதான். ஆனால் டாக்டர் என் வாய்ச்சொல்லைக் கேட்டதைவிட அந்த நோட்டைப் பார்த்ததுதான் அதிகம். நான்காம் நாள் மலம் கட்டியது. அடுத்த எடை ஒரு கிலோ 960. அதற்கடுத்த வாரம் இரண்டு கிலோ 300. அண்ணாச்சி ஒரு கடலைமிட்டாயை நீட்டினார், நான் வாங்கி என் வாயில் போட்டுக்கொண்டேன்.

கோழிச் சோறு நன்றாக ஒத்துக்கொண்டது என்று அதிலேயே நின்றுவிடக் கூடாது. அதில் சுண்ணாம்புச் சத்து போதாது. மாதக்கணக்கில் அதையே போட்டால் வளர்கிற எலும்பு வளையும். அதற்காக நாமாகக் கால்சியம் டானிக் ஊற்றுவதும் தப்பு, கூடினாலும் எலும்புக்குக் கேடுதான். டாக்டர் சொல்ல, குட்டிகளுக்கென்று விற்கிற உலர்தீவனத்துக்குப் பத்து நாள் எடுத்து மாற்றினேன். முதலில் கால் பங்கு, தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்தது. நோட்டில் 'குழைவு' என்று எழுத நேர்ந்தால் அடுத்த இரண்டு நாள் கூட்டவில்லை, அதே அளவிலேயே நிறுத்தினேன். பாக்கெட்டுக்குப் பாக்கெட் கம்பெனி மாற்றவும் இல்லை. மனிதருக்குத்தான் தினம் ஒரு கூட்டு வேண்டும்.

நான்கு மாதம் முடியும்போது செவலை ஏழு கிலோ. மஞ்சப்பை கிழிந்துவிட்டது. இப்போது ஒன்றரை வயது, கடைசி மூன்று விலா தெரியும், அம்மாவுக்கு அவன் இன்னும் நோஞ்சான்தான்.

2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. தம்பிக்கு அன்று அது தெரியாது, எனக்கும் தெரியாது. யாராவது உங்களிடம் 35 நாள் குட்டியை நீட்டினால் முன்பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். இன்னும் மூன்று வாரம் அது தாயோடு கிடக்கட்டும்.