குளோரோஃபார்ம் பாட்டிலைத் தொடுவதற்கு முன்

கோவையில் பயோடெக்னாலஜி படிக்கும் பிள்ளைகள் பலர், இலையிலிருந்து டி.என்.ஏ. பிரிக்கும் நாளில்தான் குளோரோஃபார்மை முதன்முதலாகக் கையில் எடுக்கிறார்கள். அது உண்டாகும் வினையைப் பள்ளியிலேயே எழுதிப் பழகியவர்கள்தான். பாட்டிலை எப்படி வைத்துக்கொள்வது என்பதையும் அப்போதே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• பழுப்புக் கண்ணாடி பாட்டிலில், வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். ஒளியும் காற்றும் பட்டால் குளோரோஃபார்ம் மெல்ல மெல்ல பாஸ்ஜீனாக மாறும். முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொன்ற நச்சுவாயு அது. இதைத் தடுக்கத்தான் பெரும்பாலும் 1 சதவீதம் வரை எத்தனால் சேர்த்து விற்கிறார்கள்.

• திறந்த தேதியை லேபிளில் எழுதுங்கள். தேதி தெரியாத பழைய பாட்டிலைத் திறக்காமல் ஆய்வகப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள்.

• ஃபியூம் ஹூடுக்குள் வைத்தே ஊற்றுங்கள். கொதிநிலை 61 டிகிரிதான். சித்திரை வெயிலில் மளமளவென ஆவியாகும்.

• நைட்ரைல் கையுறையை நம்பி இருந்துவிடாதீர்கள். சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும். மேலே பட்டால் உடனே கழற்றிக் கை கழுவுங்கள்.

செய்யக்கூடாதவை

• வீட்டில் தயாரித்துப் பார்க்கவே வேண்டாம். தண்ணீர்த் தொட்டி கழுவ வாங்கிய பிளீச்சிங் பவுடருடன் அசிட்டோனோ சானிடைசரோ தவறிக்கூடச் சேரக்கூடாது. சூடு ஏறிப் பொங்கும். நச்சு ஆவி அறையை நிறைக்கும். மேட்டூரில் கெம்பிளாஸ்ட் சன்மார் ஆலை செய்யும் முறையே வேறு. மெத்தனாலிலிருந்து மெத்தில் குளோரைடு, அதன்மேல் குளோரின், பிறகு காய்ச்சி வடித்து மெத்திலீன் குளோரைடையும் குளோரோஃபார்மையும் தனித்தனியே பிரிப்பது. எல்லாம் மூடிய கலன்களுக்குள், பயிற்சி பெற்றவர்கள் கையில் நடக்கும் வேலை.

• மோந்து பார்க்காதீர்கள். 1847-இல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் இதை மயக்க மருந்தாக்கினார். அடுத்த ஆண்டு ஜனவரியிலேயே, கால்விரல் நகத்தை எடுக்க மயக்கம் கொடுத்தபோது ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் இறந்துபோனாள். மருத்துவர் கையிலேயே அளவு தப்பிய பொருள் இது.

• அசிட்டோன் கழிவுப் பாட்டிலில் ஊற்றாதீர்கள். அதில் கொஞ்சம் காரம் கலந்திருந்தாலும் வெடிக்கக்கூடும்.

• சிங்க்கில் கொட்டாதீர்கள். தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு கனமானது. அடியில் தங்கி மண்ணுக்குள் இறங்கும். கோவைச் சாக்கடைகள் போய்ச் சேரும் நொய்யல் ஏற்கெனவே சாயக்கழிவில் நொந்துபோன ஆறு. ஹாலஜன் கழிவு என்று எழுதிய தனிப் பாட்டிலில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற கழிவு மேலாண்மை நிறுவனத்திடம் கொடுக்கச் சொல்லுங்கள்.