கூரைக்குக் கீழே ரி.வி. அன்ரனா

இடம்பெயர்ந்து மீண்டும் வந்து குடியேறிய குடும்பங்கள், மின்சாரம் கிடைத்த பின் வாங்கும் பொருட்களில் தொலைக்காட்சிப் பெட்டியும் ஒன்று. பெட்டியை வாங்கியதோடு செலவு முடிவதில்லை. அன்ரனா, நீண்ட குழாய், இழுகம்பி, பூஸ்டர் என்று கடைக்காரர் அடுக்கிக்கொண்டே போவார். குழாயில் உயர்த்திய அன்ரனாவைக் குரங்குகள் ஊஞ்சலாக்கும், காகம் கம்பியை வளைக்கும், வாடைக் காற்று முகத்தைத் திருப்பிவிடும். 2020 டிசெம்பர் 2ஆந் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரை கடந்தது. இப்படியான புயல்களில் எச்சரிக்கைச் செய்தி அவசியமாகும் வேளைக்கு முன்பே வெளி அன்ரனா காற்றில் திசைமாறிப் போய்விடலாம். (அவ்வேளை மின்சாரமும் நின்றுவிடக்கூடும், ஆகவே பற்றரியில் இயங்கும் வானொலி ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.) அன்ரனாவைக் கூரைக்குக் கீழே, பரணில் அல்லது முகட்டு வளையில் கட்டினால் இத் தொல்லைகளிற் பல இல்லை. குழாய்ச் செலவும் இல்லை. ஆனால் எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது.

முதலில் பணத்தை எடுக்காமல் அண்ணாந்து பாருங்கள். கூரை எதனால் ஆனது? கிடுகு, பனையோலை, ஓடு, அஸ்பெஸ்டஸ் ஆகியவற்றினூடாக அலைகள் உள்ளே வரும். வரும்போது பலம் குறையும். சில வீடுகளிற் பாதிக்கு மேலும் குறையலாம். மழையில் நனைந்த ஓடும் ஓலையும் இன்னும் சற்றுக் குறைக்கும். தகரம் அப்படியல்ல. உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். நிவாரணமாகக் கிடைத்த தகரத்தால் கூரையும் சுவரும் அடைத்த கொட்டிலுக்குள் எவ்வளவு விலையுயர்ந்த அன்ரனாவை வைத்தாலும் பயனில்லை. அதற்குப் பூஸ்டர் வாங்குவது வறண்ட கிணற்றுக்குப் பெரிய இறைப்பு இயந்திரம் வாங்குவது போன்றது. கூரை மட்டும் தகரமாகவும் சுவர் மண் அல்லது கிடுகாகவும் இருந்தால், கோபுரத்தை நோக்கிய பக்கச் சுவரின் உட்புறம் வைத்துப் பார்க்கலாம். இல்லையேல் வெளியேதான் கட்டவேண்டும். ஓட்டுக் கூரையிலும் ஒரு கண் வைக்க வேண்டும்: வெப்பத்தைத் தடுக்க ஓட்டின் கீழ் மினுங்கும் தாள் விரித்திருந்தால் அதுவும் தகரம் போலவே தடுக்கும்.

இரண்டாவது கேள்வி, கோபுரம் எங்கே, எவ்வளவு தூரம்? வன்னியில் உள்ளவர்களுக்குக் கொக்காவில் கோபுரம் தெரிந்ததே. பழைய கோபுரம் 1990இல் யுத்தத்தில் அழிந்தது. 174 மீற்றர் உயரமான இன்றைய கோபுரம் 2011 யூனில் திறக்கப்பட்டது. தொலைக்காட்சி அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. பூமியின் வளைவைக் கணக்கிட்டால் இந்த உயரத்திலிருந்து சமதரையில் சுமார் 50 கிலோமீற்றர் வரைதான் அது நன்றாக எட்டும். கோபுரம் கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் இருப்பதால், கிளிநொச்சியார் அன்ரனாவைத் தெற்கே திருப்பவேண்டும். மாங்குளத்தாரும் வவுனியாவாரும் வடக்கே. இருபது, முப்பது கிலோமீற்றருக்குள் ஓலைக் கூரை அல்லது ஓட்டு வீடு என்றால் உட்புற அன்ரனாவை நம்பிக்கையோடு முயன்று பார்க்கலாம். ஐம்பதை நெருங்கினால் வெளியே உயர்த்துவதே நல்லது. எந்த நிலையம் எந்தச் சனலில், எந்தக் கோபுரத்திலிருந்து வருகிறது என்பதை அயல்வீட்டில் கேட்டறியுங்கள். அவர்களுடைய அன்ரனாவின் கம்பிகள் படுத்திருக்கின்றனவா, நிமிர்ந்து நிற்கின்றனவா என்பதையும் பார்த்து, அவ்வாறே வையுங்கள்.

அன்ரனாவின் அளவை அலையின் நீளம் தீர்மானிக்கிறது. 14,250ஐ மெகாஹேட்ஸ் எண்ணால் வகுத்தால் கம்பியின் முழு நீளம் சென்ரிமீற்றரில் வரும். 200 மெகாஹேட்ஸ் அளவிலுள்ள வீ.எச்.எப். நிலையத்துக்கு 71 சென்ரிமீற்றர். 600 அளவிலுள்ள யூ.எச்.எப். நிலையத்துக்கு 24 சென்ரிமீற்றர் போதும். கோபுரத்துக்குக் கிட்ட இருப்பவர்கள் இதனைத் தாமே செய்யலாம். அலுமினியக் கம்பியை நடுவில் இரண்டாக வெட்டி, சிறு இடைவெளி விட்டுப் பலகையில் அறைந்து, ஒரு பாதியில் கேபிளின் நடுக்கம்பியையும் மற்றப் பாதியில் வெளிப் பின்னலையும் பொருத்தினால் அதுவே ஓர் அன்ரனா. இதன் அகலப் பக்கம் கோபுரத்தைப் பார்க்கவேண்டும், நுனி அல்ல. தூரத்தில் இருப்பவர்களுக்குப் பல குறுக்குக் கம்பிகளுள்ள அன்ரனா தேவை. அதிற் குட்டைக் கம்பிகள் உள்ள முனை கோபுரத்தை நோக்கவேண்டும், நீளமானது பின்னால். ‘டிஜிட்டல் அன்ரனா’ என்று கூடிய விலைக்கு விற்கப்படுவதைக் கண்டு மயங்கவேண்டாம். கம்பிக்கு அலையின் நீளம் மட்டுமே தெரியும்.

கட்டும்போது அவசரப்படக் கூடாது. உடனே ஆணியடிக்காமல் ஒருவர் பரணில் அன்ரனாவைப் பிடித்திருக்க, இன்னொருவர் படத்தைப் பார்த்துக் குரல் கொடுக்கட்டும். கூரைக்குள் அலைகள் இங்குமங்கும் பட்டுத் தெறிப்பதால் ஓர் இடத்தில் ஒன்றும் வராது, அரை மீற்றர் தள்ளினால் நன்றாக வரும். உயர்த்தியும் தாழ்த்தியும் பாருங்கள். அனலொக் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் கொட்டினால் பலம் போதாது. ஒரே உருவம் இரண்டாகத் தெரிந்தால் தெறித்த அலையும் சேர்ந்து வருகிறது, அன்ரனாவைச் சற்றுத் திருப்பவேண்டும். தண்ணீர்த் தாங்கி, இரும்பு வளை, மின்வயர் ஆகியவற்றிலிருந்து ஒரு மீற்றராவது விலகியிருக்கட்டும். நல்ல இடம் கிடைத்தபின் நைலோன் கயிற்றால் வளையிற் கட்டினாற் போதும்.

கேபிள் 75 ஓம் வட்டக் கேபிளாக இருக்கட்டும். அதை அடுப்புக்கு மேலாகக் கொண்டுபோக வேண்டாம். புகையும் சூடும் உறையைக் கெடுக்கும். பரணில் எலி கடிக்கும், ஆதலால் பழைய பீ.வீ.சி. குழாய்த் துண்டுக்குள் விடுவது நன்று. மிகுதி நீளத்தைச் சுருட்டி வைக்காமல் வெட்டிவிடுங்கள். கேபிள் நீளமாகி, அன்ரனாவடியில் நல்ல படமும் பெட்டியடியில் மங்கலான படமும் வந்தால் மட்டுமே பூஸ்டர் உதவும். அதுவும் அன்ரனாவுக்கு அருகில் பூட்டப்பட வேண்டும்.

உள்ளே இருக்கிறது என்பதற்காக மின்னலை மறந்துவிடக் கூடாது. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்நேர இடி அதிகம். தூரத்தில் முழக்கம் கேட்டதுமே மின்செருகியையும் அன்ரனாக் கேபிளையும் கழற்றுங்கள். இடி தலைக்கு மேல் வந்தபின் கேபிளைத் தொடவேண்டாம். இன்னமும் தற்காலிகக் கொட்டிலில் இருந்து வீடு மாற இருப்பவர்கள், பழைய இடத்தில் படம் நன்றாக வந்தபோது அன்ரனா எத்திசை பார்த்தது, கம்பி எப்படி நின்றது என்பதைக் கழற்றுமுன் ஒரு துண்டில் எழுதி, நடுத்தடியோடு கட்டிக்கொண்டு போகலாம்.