கல்லடிப் பாலத்தின் முக்கோணங்கள்

கல்லடிப் பாலம் என்றாலே பாடும் மீனைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எனக்கோ அதன் உருக்குச் சட்டங்களே வியப்பு. ஆளுநர் வில்லியம் மானிங்கின் மனைவி பெயரால் ‘லேடி மானிங்’ எனப்பட்ட இப்பாலம் 1924இல் மட்டக்களப்பு வாவிக்குக் குறுக்கே அமைக்கப்பட்டது.

இருபுறமும் உயர்ந்து நிற்பவை, இணைந்த கணிதத்தில் நாம் படிக்கும் சட்டப்படல்கள்தாம். நாற்கோணச் சட்டத்தை மூலையில் தள்ளினால் சாய்ந்துவிடும். முக்கோணமோ பக்கங்களின் நீளம் மாறாதவரை உருமாறாது. அதனால் வாகனத்தின் பாரம் ஒரு கோலில் இழுவையாகவும் இன்னொன்றில் உதைப்பாகவும் பகிரப்பட்டுத் தூண்களுக்கு இறங்குகிறது.

பாரத்துக்குக் குறையில்லை, அகலந்தான் போதவில்லை. ஒரு நேரத்தில் ஒரு திசை வாகனங்களே போக முடிந்தது. காத்தான்குடிப் பக்கமிருந்து நகர ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் எதிர்வரிசை முடியும்வரை காத்து நின்றார்கள். 2013இல் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது.