வாய்க்கால் வெட்டுமுன் வழியளத்தல்

நீர் பள்ளத்தை நாடும் என்பதை அறியாத குடியானவர் இலர். ஆயினும் அப்பள்ளம் எத்தனை அடி என்பதைக் கண் பார்வையால் நிச்சயிக்க இயலாது. ஆகையால் மண்வெட்டி எடுக்குமுன் மட்டக்கருவி கொண்டு வழியை அளந்தறிதல் அவசியமாகும்.

இரண்டு சர்வேக்கள்

1808-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஜேம்ஸ் கெடிஸ் என்பவர், ஈரி ஏரியையும் ஹட்ஸன் நதியையும் இணைக்கும் கால்வாய்க்கு வழியளந்தார். ஏரி, நதியைவிடச் சுமார் 570 அடி உயரத்திலுள்ளது. இடையே குறுக்கிட்ட ஆழ்ந்த பள்ளத்தாக்கில், இயற்கை மேடுகளைக் கரையால் இணைத்து அதன்மேல் நீரைச் செலுத்தலாமெனக் கண்டார். 1817-இல் தொடங்கிய 363 மைல் கால்வாய் 1825-இல் முடிவுற்றது.

அதே 1808-இல், மேற்கே ஓடும் பெரியாற்றை மதுரைச் சீமைக்குத் திருப்பும் யோசனையை ஜேம்ஸ் கால்டுவெல் ஆராய்ந்து, ஆகாத காரியமெனத் தள்ளினார். இராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதற்கு முன்னரே ஆட்களை அனுப்பி அவ்விடத்தைப் பார்வையிடச் செய்திருந்தார். பிற்காலத்தில் பென்னிகுவிக் அணையால் நீர்மட்டத்தை உயர்த்தி, ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட சுரங்கத்தால் மலையைத் துளைத்தார். 1895-இல் நீர் கிழக்கே பாய்ந்தது. மலை மாறவில்லை, நீர் புறப்படும் மட்டமே மாறிற்று.

இறக்கக் கணக்கு

உதாரணமாக, வாய்க்காலின் தலைமதகு மட்டம் 100 அடி, கடைமடை நிலத்தின் மட்டம் 95 அடி, வழியின் நீளம் 8 மைல் எனக் கொள்வோம். மைலுக்கு ஓரடி இறக்கம் வேண்டுமாயின் 8 அடி தேவை. இருப்பதோ 5 அடியே. குறையும் 3 அடிக்குப் பரிகாரம் இரண்டு. பெரியாற்றிற் செய்தவாறு அணைகட்டித் தலைமட்டத்தை உயர்த்தலாம். அன்றேல், கெடிஸ் கண்டவாறு பள்ளத்தின் குறுக்கே கரையிட்டுச் சுற்றுவழியைக் குறைக்கலாம். இறக்கத்தையே குறைத்தால் வண்டல் படிந்து வாய்க்கால் தூர்ந்துபோம். மிகுத்தால் கரை அரிக்கும்.

இக்குறை வெட்டி முடித்தபின் வெளிப்பட்டால் நஷ்டம் கடைமடைக்காரரையே சாரும். பணமும் உழைப்பும் தந்தவர் அவர். நீர் காணாதவரும் அவரே.

கிராமத்தார் கவனிக்க வேண்டியவை

போச்சம்பள்ளி வட்டாரத்தார்க்கு உதாரணம் அருகிலேயே உள்ளது. தென்பெண்ணை நீர் நெடுங்கல் அணைக்கட்டில் திருப்பப்பட்டுப் பாரூர்ப் பெரிய ஏரியை அடைகிறது. புதுக் கிளைவாய்க்கால் வேண்டுவோர்:

1. சர்வே முளைகளையும் மட்டக்கற்களையும் பெயர்க்கலாகாது. ஒரு முளை தவறினும் கணக்கு முழுதும் தவறும்.

2. வெள்ளம் ஏறிய அடையாளங்களையும், நீரை உறிஞ்சும் மணற்பாங்கான இடங்களையும் பெரியோர் அளப்பவர்க்குக் காட்டுதல் வேண்டும்.

3. தலைமடையார் மாத்திரமன்றிக் கடைமடையாரும் உடனிருந்து, தம் நிலத்தின் மட்டத்தைக் கேட்டறிதல் வேண்டும்.