வேறு துறையிலிருந்து வகுப்பறைக்கு

பாடம் நன்றாகத் தெரிந்த ஒருவர் ஆசிரியராகிவிட முடியுமா? கேள்வி பழையதுதான். ஆனால் அதற்கான விடையை இன்று நம் ஆசிரியர் அறைகளிலேயே தேட வேண்டியிருக்கிறது. பொறியியல் படித்து, சில ஆண்டுகள் வேறு வேலை பார்த்து, அதன் பிறகு பி.எட். முடித்து ஆசிரியரானவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். இயந்திரப் பொறியியல் படித்தேன். கோவையில் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் நான்கு ஆண்டுகள் பணியாற்றினேன். இன்று நடுநிலைப் பள்ளியில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். இப்படி மாற்றுப் பாதையில் வருபவர்களிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை, இல்லாததை யார் தர முடியும் என்பது குறித்தே இக்கட்டுரை.

கதவு திறந்த விதம்

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டாண்டுப் படிப்பாக்கின. அறிவியல், கணிதச் சிறப்புப் பாடங்களுடன் பொறியியல் பட்டம் பெற்று 55 விழுக்காடு மதிப்பெண் எடுத்தவர்களும் அதில் சேரலாம் என அவ்விதிமுறைகள் கூறின. பி.எட். முடித்த பொறியியல் பட்டதாரிகள் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குக் கணித ஆசிரியராகலாம் என்பதைத் தமிழ்நாடு அரசு 2019இல் தெளிவுபடுத்தியது.

தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் 150 மதிப்பெண்களுக்கானது. அதில் கணிதமும் அறிவியலும் சேர்ந்து 60 மதிப்பெண்கள். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30. மீதமுள்ளவை மொழிகளுக்கு. பொறியியல் படித்தவருக்கு அந்த 60 கடினமாக இருப்பதில்லை. வகுப்பறையில் நம்மை உண்மையாகச் சோதிப்பவை தேர்வுத்தாளில் எளிதில் கேட்க முடியாத வினாக்கள்.

பிற நாடுகளின் அனுபவம்

நம் நாட்டில் முதலில் பட்டம், பிறகு தேர்வு, அதன் பிறகே வகுப்பறை. சில நாடுகளில் இந்த வரிசை மாறியிருக்கிறது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் 1984இல் ‘மாற்று வழி’ ஒன்றுக்கு ஒப்புதல் அளித்து, 1985இல் நடைமுறைப்படுத்தியது. ஆசிரியர் கிடைக்காத இடங்களில் பயிற்சி இல்லாதவர்களுக்கு அவசரச் சான்றிதழ் வழங்கிவந்த பழக்கத்துக்கு மாற்றாக அது வந்தது. பாடத்தில் பட்டமும் பாடத் தேர்வில் தேர்ச்சியும் உள்ளவர் முதலில் தற்காலிகச் சான்றிதழுடன் பணியில் சேர்கிறார். பணியில் இருந்துகொண்டே கற்பித்தல் பயிற்சி பெறுகிறார். அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் அவருக்கு வழிகாட்டியாக இருக்கிறார். இவை நிறைவேறிய பின்னரே நிரந்தரச் சான்றிதழ்.

நியூயார்க் நகரம் 2000இல் தொடங்கிய திட்டத்தில், வேறு துறைப் பட்டதாரிகள் கோடையில் சில வாரங்கள் பயிற்சி பெறுகிறார்கள். செப்டம்பரில் முழுச் சம்பளத்துடன் வகுப்பெடுக்கத் தொடங்குகிறார்கள். பகலில் பள்ளி. மாலையிலும் விடுமுறையிலும் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் முதுநிலைப் படிப்பு. அந்தப் படிப்பு முடியும்போது சான்றிதழ் பெற்ற ஆசிரியராகிறார்கள்.

இத்திட்டங்களுக்குப் பாராட்டும் உண்டு, எதிர்ப்பும் உண்டு. ஆசிரியர் பற்றாக்குறை தீருகிறது, தொழில் அனுபவமுள்ளவர்கள் பள்ளிக்கு வருகிறார்கள் என்பது ஒரு தரப்பு. சில வாரப் பயிற்சியுடன் ஒருவரை வகுப்புக்குள் அனுப்பலாமா என்பது மறுதரப்பு. எனக்கு இரண்டாவது கேள்வியே முக்கியமாகப் படுகிறது. புதிய ஆசிரியருக்கு அடுத்த ஆண்டும் ஏழாம் வகுப்பு கிடைக்கும். அந்த வகுப்பில் இன்று உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு ஏழாம் வகுப்பு ஒருமுறைதான்.

இல்லாதது எது?

அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986இல் எழுதிய கட்டுரையில் ஆசிரியருக்குரிய தனி அறிவு ஒன்றை வரையறுத்தார். அதைக் ‘கற்பித்தல்சார் பாட அறிவு’ எனலாம். பாடத்தை அறிவது ஒன்று, வகுப்பை நடத்தத் தெரிவது இன்னொன்று. இவை இரண்டும் கலந்த மூன்றாவது அறிவு அது. ஒரு கருத்தைப் புரியவைக்க எந்த எடுத்துக்காட்டு உதவும், எந்த எடுத்துக்காட்டு குழப்பும், அதைப் பற்றிக் குழந்தைகள் ஏற்கெனவே என்ன நினைத்துக்கொண்டு வருகிறார்கள் என்பவை அதில் அடங்கும். கணிதம் அறிந்த பொறியாளருக்கும் கணித ஆசிரியருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான்.

இதன் பொருள் எனக்குப் பி.எட். இரண்டாம் ஆண்டில் விளங்கியது. இருபது வாரப் பள்ளிப் பயிற்சியில் பதினாறு வாரங்கள் அந்த ஆண்டில்தான். நான் பயிற்சி பெற்ற பள்ளியில் வழிகாட்டியாக இருந்த கணித ஆசிரியைக்கு இருபத்தைந்து ஆண்டுக்கும் மேற்பட்ட அனுபவம். தசம எண் பாடத்துக்கு முந்தைய நாள் என்னிடம் சொன்னார்: “தம்பி, நாளைக்கு 0.35, 0.5 இதுல எது பெரிசுன்னு கேளுங்க. நிறையப் பேர் 0.35ன்னுதான் சொல்வாங்க. ஏன் அப்படிச் சொல்றாங்க, அதுக்கு நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு பாடக்குறிப்புல எழுதிட்டு வாங்க.”

35 என்பது 5ஐவிடப் பெரியது. முழு எண்களில் நான்கைந்து ஆண்டுகள் பழகிய குழந்தைக்கு அது சரியான விதி. அந்த விதியைப் புதிய இடத்துக்கும் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். ரூபாய், பைசாவைக் கொண்டு விளக்கலாமா என்று கேட்டேன். “விளக்கலாம். 0.5 ரூபாய் ஐம்பது பைசா, 0.35 முப்பத்தைந்து பைசா. புரிஞ்சிடும். ஆனா 0.125 வந்தா என்ன சொல்வீங்க? பைசா ரெண்டு இடத்தோட நின்னுடும்” என்றார்.

தொழிற்சாலை அனுபவம் கைகொடுத்தது அப்போதுதான். தண்டின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை அளந்து பழகியவன் நான். 24.98 ஏற்கத்தக்கது, 24.9 தள்ளுபடி என்று தினமும் முடிவு செய்திருக்கிறேன். எனவே மீட்டர் அளவுகோலை வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். 0.5 மீட்டர் 500 மி.மீ., 0.35 மீட்டர் 350 மி.மீ., 0.125 மீட்டர் 125 மி.மீ. மூன்று நீளங்களிலும் காகிதப் பட்டைகளை வெட்டி மாணவர்களே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார்கள். எது பெரியது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பாடத்தில் அளவுகோல் என்னுடையது. எந்த இடத்தில் அது தேவைப்படும் என்ற அறிவு அந்த ஆசிரியையுடையது. -7, -3 ஆகியவற்றில் -7 பெரியது என்பதும், 3a + 4b என்பதை 7ab என எழுதுவதும் அவருடைய பழைய குறிப்பேட்டில் வகுப்புவாரியாக, பாடவாரியாக இருந்தன. எந்தப் பொறியியல் பாடநூலிலும் அவை கிடையாது.

முதல் ஆண்டில் பள்ளி செய்யக்கூடியவை

மாற்றுப் பாதையில் வரும் புதியவருக்கு மட்டுமல்ல, எந்தப் புதிய ஆசிரியருக்கும் பின்வருபவை உதவும்.

1. அதே பாடத்தைக் கற்பிக்கும் மூத்த ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகத் தலைமையாசிரியர் குறிப்பிடலாம். ‘யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்றால் புதியவர் யாரிடமும் கேட்பதில்லை.

2. வாரம் ஒரு பாடவேளையாவது புதியவர் மூத்தவரின் வகுப்பில் உட்காரும்படி கால அட்டவணையை அமைக்கலாம். மூத்தவரும் புதியவரின் வகுப்பைப் பார்க்கலாம். அது மதிப்பீட்டுக்காக அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

3. பாடம் தொடங்கும் முன் இருவரும் பத்து நிமிடம் பேசினால் போதும். ‘இதில் குழந்தைகள் எங்கே தடுமாறுவார்கள்?’ என்ற ஒரே கேள்வியைப் பேசலாம்.

4. மாணவர்களின் தவறான விடைகளை, அவர்கள் கூறும் காரணத்துடன் எழுதிவைக்க ஒரு பொதுக் குறிப்பேடு வைக்கலாம். ஆசிரியர் மாறுதலாகிச் சென்றாலும் குறிப்பேடு பள்ளியில் இருக்கும்.

5. புதியவரின் முந்தைய தொழில் அனுபவத்தைக் கேட்டறியலாம். வங்கியில் இருந்தவர் வட்டிக் கணக்குக்கும், ஆய்வகத்தில் இருந்தவர் அறிவியல் செயல்பாடுகளுக்கும் மற்ற வகுப்புகளிலும் உதவ முடியும்.

இவற்றுக்குத் தனி நிதி தேவையில்லை, நேரம் தேவை. பாடவேளைகளும் பதிவேடுகளும் நிறைந்த நம் நாளில் அந்த நேரத்தை ஒதுக்குவது எளிதல்ல என்பதை அறிவேன். ஆனாலும் மூத்த ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெறும்போது, இருபது முப்பது ஆண்டுகளாக அவர் சேர்த்துவைத்த கற்பித்தல்சார் பாட அறிவு யாருக்கும் கைமாறாமல் பள்ளியை விட்டுப் போய்விடக் கூடாது. வரும் ஜூன் மாதம் உங்கள் பள்ளிக்குப் புதிய ஆசிரியர் ஒருவர் வந்தால், எந்தப் பாதையில் வந்தார் என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், உங்கள் அடுத்த பாடவேளைக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.