வீடியோக் கோப்புகளைத் தொகுப்புக்கேற்ப மாற்றுதல்

வளர்ச்சிச் செய்திகளைக் கிராம மக்களுக்குப் படமாகக் காட்டும் பணி நம் நாட்டில் அரை நூற்றாண்டுக் காலமாக நடந்து வருகிறது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நடைபெற்ற துணைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையின்போது ஆந்திரப் பிரதேசம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்களுக்கு விவசாயம், சுகாதாரம், கல்வி பற்றிய நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. தில்லி, கட்டாக், ஐதராபாத் ஆகிய இடங்களில் அவை தயாரிக்கப்பட்டன. படம் பிடிப்பவர், தொகுப்பவர், ஒளிநாடாவைக் கையாளும் பொறியாளர் எனப் பயிற்சி பெற்றோர் பலர் அப்பணியில் ஈடுபட்டிருந்தனர். ஒரு வகை நாடாவிலிருந்து மற்றொரு வகைக்குப் படத்தை மாற்றும் வேலை பொறியாளருடையது; அது வெளியே தெரியாத வேலை.

அந்த நிலை படிப்படியாக மாறிற்று. 1984-இல் அகமதாபாத்தில் சுயதொழில் மகளிர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கே வீடியோக் கருவிகளை இயக்கக் கற்பித்தது. எழுத்தறிவில்லாத பெண்களும் அவர்களுள் இருந்தனர். 2006-இல் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கிய ‘டிஜிட்டல் கிரீன்’, விவசாயிகளின் வயல்களிலேயே சிறு படங்கள் எடுத்து, அவற்றை அண்டைக் கிராமத்து விவசாயிகளுக்குக் காட்டும் முறையை வகுத்தது. இன்று வட்டார அளவிலுள்ள விரிவாக்க அலுவலரும் சுய உதவிக் குழு உறுப்பினரும் தம் கைப்பேசியிலேயே படம் பிடிக்கின்றனர். அன்று பொறியாளர் செய்த மாற்று வேலையும் இதனால் அவர்கள் தலைமேல் வந்து சேர்ந்துள்ளது. ஆனால் அதற்கான பயிற்சி பெரும்பாலும் வந்து சேரவில்லை.

விளைவு பலரும் அறிந்ததே. வயலில் எடுத்த படம் கைப்பேசியில் நன்றாக ஓடுகிறது. அலுவலகக் கணிப்பொறியின் தொகுப்பு மென்பொருளில் ஏற்றினால் திறப்பதில்லை. திறந்தாலும் திக்கித் திணறுகிறது. அல்லது ஒலி வருகிறது, படம் கறுப்பாக நிற்கிறது. கருவி கெட்டுவிட்டது என்று கருதிப் புதிய கணிப்பொறிக்குக் கோரிக்கை எழுதுவதும், படத்தையே கைவிடுவதும் நிகழ்கின்றன. இரண்டும் பெரும்பாலும் தேவையற்றவை.

உறையும் உள்ளடக்கமும்

வீடியோக் கோப்பு என்பது ஓர் உறையும் அதனுள் வைக்கப்பட்ட தாள்களும் போன்றது. எம்.பி.4, எம்.ஓ.வி., ஏ.வி.ஐ., எம்.கே.வி. முதலிய பெயர்கள் உறையின் வகையைக் குறிப்பன. படமும் ஒலியும் உள்ளே எம்முறையில் சுருக்கி எழுதப்பட்டுள்ளன என்பது வேறு செய்தி. அம்முறையைக் கோடெக் என்பர். ஒரே எம்.பி.4 உறைக்குள் 2003-இல் வெளியான எச்.264 முறையிலான படமும் இருக்கலாம். 2013-இல் வெளியான எச்.இ.வி.சி. முறையிலான படமும் இருக்கலாம். முன்னதைப் பழைய கணிப்பொறியும் படிக்கும். பின்னதைப் படிக்கப் பல பழைய கணிப்பொறிகளின் சில்லுகளில் வசதியில்லை.

இவ்வேறுபாட்டை அறியாதவர் கோப்பின் பெயரிலுள்ள கடைசி எழுத்துகளை மட்டும் மாற்றிவிட்டு, கோப்பே மாறிவிட்டதாக எண்ணுவதுண்டு. அலுவலகக் கோப்பின் மேலட்டையில் வேறு பொருள் எழுதினால் உள்ளிருக்கும் குறிப்புகள் மாறிவிடுவதில்லை அல்லவா?

எனவே மாற்றம் இருவகைப்படும். உறை மட்டுமே பொருந்தவில்லையெனில், உள்ளிருப்பதைத் தொடாமல் வேறு உறைக்கு எடுத்து வைத்தாலே போதும். எப்.எப்.எம்பெக் என்ற கட்டற்ற மென்பொருள் இதைச் சில நொடிகளில் செய்யும். தரம் சிறிதும் குறையாது. கோடெக் பொருந்தவில்லையெனில் படம் முழுவதையும் விரித்து மீண்டும் எழுத வேண்டும். இதற்கு நேரம் ஆகும். ஒவ்வொரு முறையும் தரம் ஓரளவு குறையும். முதல்வகை போதுமான இடத்தில் இரண்டாம் வகையைக் கையாள்வதே நடைமுறையில் மிகுதியாகக் காணப்படும் வீண் செலவு.

சுருக்கத்தின் விலை

சுருக்கம் ஏன் தேவைப்படுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் மற்றவை எளிதில் விளங்கும். 1,920-க்கு 1,080 புள்ளிகள் கொண்ட ஒரு படச்சட்டத்தில், புள்ளி ஒன்றுக்கு 3 பைட் வீதம், ஏறத்தாழ 62 இலட்சம் பைட் உண்டு. நொடிக்கு 25 சட்டங்கள் எனில் 15.5 கோடி பைட்டுக்கு மேல். ஒரு மணி நேரத்திற்கு இது சுமார் 560 ஜிகாபைட் ஆகும். கைப்பேசி நொடிக்கு 16 மெகாபிட் அளவில் பதிவு செய்தால் அதே ஒரு மணி நேரம் 7.2 ஜிகாபைட்டில் அடங்கிவிடும்.

இந்தச் சேமிப்பு இலவசமாகக் கிடைப்பதன்று. அடுத்தடுத்த சட்டங்களில் பெரும்பகுதி ஒன்றுபோலவே இருப்பதால், கோடெக் ஒரு சட்டத்தை முழுமையாக எழுதிவிட்டுப் பின்வருவனவற்றில் வேறுபாட்டை மட்டும் குறித்துச் செல்கிறது. 60 சட்டங்களுக்கு ஒன்றே முழுச் சட்டம் என்றால், 59-ஆம் சட்டத்தைக் காட்ட முதல் சட்டத்திலிருந்து கணக்கிட்டு வரவேண்டும். படத்தை நேராக ஓட்டிப் பார்ப்பவருக்கு இதனால் இடையூறில்லை. ஆனால் தொகுப்பவர் முன்னும் பின்னும் தாவுகிறார், நடுவில் வெட்டுகிறார், ஒவ்வொரு தாவலிலும் கணிப்பொறி அந்தக் கணக்கை முதலிலிருந்து போடுகிறது. வட்டில் மிச்சமான இடத்திற்கு உரிய விலையைத் தொகுப்பு மேசையில் அமர்ந்திருப்பவர் தம் நேரத்தால் செலுத்துகிறார் எனலாம். மிகப் பழைய கணிப்பொறி யாரிடம் உள்ளதோ அவரே மிக அதிகமாகச் செலுத்துகிறார்.

தொகுப்புக்கென்று மாற்றுவதன் உட்பொருள் இதுதான். ஒவ்வொரு சட்டமும் முழுச் சட்டமாக இருக்கும்படி எழுதினால் கோப்பு பெருக்கும். கணிப்பொறியின் சுமை குறையும். நொடிக்கு 16 மெகாபிட் அளவில் எடுத்த 10 நிமிடப் படம் 1.2 ஜிகாபைட், 48 மெகாபிட் அளவில் முழுச் சட்டங்களாக எழுதினால் 3.6 ஜிகாபைட். வட்டின் விலை வீழ்ந்து வந்துள்ள காலத்தில் பணியாளர் நேரத்தைக் காக்க இடத்தைச் செலவிடுவதே சிக்கனமாகும்.

ஒலியும் படமும் பிரியும் இடம்

மேற்கூறிய தடைகள் கண்ணுக்குத் தெரிபவை. கண்ணில் படாமல் நுழையும் பிழை ஒன்று உண்டு. விரிவாக்கப் படங்களில் மிகவும் தீங்கு செய்வது அதுவே.

தொலைக்காட்சிக் கருவி நொடிக்கு இத்தனை சட்டம் என்ற எண்ணிக்கையில் தவறுவதில்லை. நம் நாட்டில் அது 25. கைப்பேசியோ ஒளி குறைந்தாலும் கருவி சூடேறினாலும் சட்ட எண்ணிக்கையைத் தானே குறைத்துக்கொள்ளும். 30 என்று குறிக்கப்பட்ட படத்தில் உண்மையான சராசரி 29.7 ஆக இருக்கலாம். 10 நிமிடத்தில் பதிவானவை 17,820 சட்டங்கள். எளிய தொகுப்பு மென்பொருள் அவற்றை நொடிக்கு 30 என்றே எண்ணி ஓட்டினால் படம் 594 நொடியில் முடிந்துவிடும். ஒலியோ 600 நொடி ஓடும். தொடக்கத்தில் உதடும் சொல்லும் பொருந்தியே இருக்கும். முடிவை நெருங்கும்போது படம் 6 நொடி முந்திவிடும்.

பயறு வகைகளுக்கு விதை நேர்த்தி செய்யும் முறையை விளக்கும் படத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் பூஞ்சணக்கொல்லி, அடுத்துப் பூச்சிக்கொல்லி, இறுதியில் ரைசோபியம் நுண்ணுயிர் உரம் என்பது வரிசை. வரிசை தவறினால் மருந்து நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கும் காட்சியில், காதில் விழும் சொல் ஒரு பொட்டலத்தைப் பற்றியதாகவும் திரையிலுள்ள கை அடுத்த பொட்டலத்தைப் பிரிப்பதாகவும் அமைந்தால், பார்க்கும் விவசாயி எதை நம்புவார்? தொகுப்பவர் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் சரிபார்த்து அனுப்பியிருப்பார். தவறு கோப்பில் இருந்தது என்பது பின்னர் யாருக்கும் தெரியப்போவதில்லை. நுண்ணுயிர் உரத்தால் பயனில்லை என்ற முடிவே ஊரில் நிலைத்துவிடும்.

இதைத் தடுக்கும் வழி எளிது. மாற்றும்போதே சட்ட எண்ணிக்கையை நிலையானதாக அமைக்க வேண்டும். மீடியா இன்போ என்னும் சிறு மென்பொருள் ஒரு கோப்பின் சட்ட எண்ணிக்கை நிலையானதா மாறுவதா என்பதைக் காட்டும். பதிவான எண்ணுக்கு அண்மையிலுள்ள எண்ணையே தேர்ந்தெடுத்தல் நலம். தொலைக்காட்சி அளவு 25 என்பதற்காக 30-இல் எடுத்த படத்தை 25-க்குக் குறைத்தால் ஆறில் ஒரு சட்டம் கைவிடப்பட்டு, அசைவு வெட்டி வெட்டித் தெரியும். கைப்பேசியிலும் சிறு திரைகளிலும் காட்டப்போகும் படத்திற்கு இந்த வருத்தம் எதற்கு?

மாற்றும் முறை

2000-த்தில் வெளிவந்து பல அலுவலகங்களில் பழகிப்போன விண்டோஸ் மூவி மேக்கர் மென்பொருளுக்கான ஆதரவு 2017 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அதன் பழைய பதிப்புகள் எம்.பி.4 உறையையே ஏற்காதவை. அவற்றுக்காகக் கோப்புகளைத் தரம் குறைந்த வடிவங்களுக்கு மாற்றும் பழக்கம் இன்னும் தொடருமாயின் அதைக் கைவிடலாம். ஷாட்கட், கேடென்லைவ் ஆகிய கட்டற்ற தொகுப்பு மென்பொருள்கள், மாறும் சட்ட எண்ணிக்கையுள்ள கோப்பைக் கண்டால் தாமே எச்சரித்துத் தொகுப்புக்கேற்ற வடிவுக்கு மாற்ற முன்வருகின்றன. தனியாக மாற்ற விரும்புவோர்க்கு ஹேண்ட்பிரேக் எளிதானது; அதில் ‘நிலையான சட்ட எண்ணிக்கை’ என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுக்க மறத்தலாகாது.

கணிப்பொறி மிகவும் தளர்ந்ததாயின் வேறொரு வழி உண்டு. 640-க்கு 360 புள்ளிகளில் ஒரு சிறு பதிலிப் படியை ஆக்கி, வெட்டுதல் ஒட்டுதல் அனைத்தையும் அதில் செய்து, இறுதி வடிவை மட்டும் மூலத்திலிருந்து எழுதச் செய்யலாம். மேற்கூறிய இரு மென்பொருள்களிலும் இவ்வசதி உள்ளது. இறுதி வடிவை எழுத இரவு முழுவதும் ஆகலாம். ஆனால் அப்போது எவரும் காத்திருக்க வேண்டியதில்லை.

மூலக் கோப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் அழித்தல் கூடாது. மாற்றிய படி அரிசி என்றால் மூலம் விதைநெல். கைப்பேசியிலிருந்து கணிப்பொறிக்குக் கோப்பை அனுப்பச் செய்திச் செயலிகளைப் பயன்படுத்துவோர், அவை படத்தை வழியிலேயே மறுபடி சுருக்கிவிடும் என்பதை உணர வேண்டும். கம்பி வழியாக நேரே எடுப்பதே சிறந்தது. இயலாதபோது படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்பலாம்.

எந்தக் கோடெக்கைத் தேர்ந்தெடுப்பது என்பதில் கொள்கைப் பிரச்சினை ஒன்றும் அடங்கியுள்ளது. 2010-இல் மத்திய அரசு அறிவித்த மின்னாளுகைக்கான திறந்த தரநிலைக் கொள்கை, உரிமத் தொகை இல்லாத தரநிலைகளை விரும்புகிறது. 2015-இல் திறந்த மூல மென்பொருள்களுக்கான கொள்கையும் வந்தது. எச்.264, எச்.இ.வி.சி. இரண்டுமே காப்புரிமைகளுக்கு உட்பட்டு வெளிவந்தவை. உரிமத் தொகையின்றிப் பயன்படுத்துவதற்கென 2018-இல் ஏ.வி.1 வெளிவந்தது. கொள்கை நோக்கில் அதுவே ஏற்றது. ஆனால் அதை எழுதவும் விரிக்கவும் பழைய கணிப்பொறி படும் பாடு பெரிது. வட்டார அலுவலகங்களின் கருவிகள் மாறும்வரை எச்.264 நீடிப்பதைத் தவிர்க்க இயலாது என்றே தோன்றுகிறது.

பழைய ஒளிநாடாக்கள்

பல துறைகளின் அலமாரிகளில் உறங்கும் நாடாக்களும் தொகுப்புக்கு வரவேண்டியவை. டி.வி. எனப்படும் எண்முறை நாடாவில் ஒவ்வொரு சட்டமும் தனித்தே எழுதப்பட்டுள்ளது. ஒரு மணி நேரத்திற்குச் சுமார் 13 ஜிகாபைட். உள்ளது உள்ளபடி கணிப்பொறிக்கு எடுத்தாலே அது தொகுப்புக்கு ஏற்றதாக இருக்கும். அதை மீண்டும் சுருக்குவது தேவையில்லாத வேலை. ஒரு சட்டத்தின் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் வெவ்வேறு கணத்தில் பதிவானவை ஆதலால், இன்றைய திரையில் அசைவின் விளிம்புகள் சீப்புப் பற்கள்போல் தெரியும். வரிகளை இணைக்கும் வேலையை இறுதி வடிவில் மட்டும் செய்ய வேண்டும். மூலத்தில் செய்தால் பின்னர் திருத்த இயலாது.

வி.எச்.எஸ். நாடாக்களின் நிலை வேறு. அவற்றை ஓட்டும் கருவிகளின் கடைசி உற்பத்தியாளராகக் கருதப்பட்ட ஜப்பானிய நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழுதுபார்க்கக் கூடிய கருவி ஒன்று கைவசமுள்ள அலுவலகம், புதிய படங்களைப் பின்னுக்குத் தள்ளியேனும் அந்த நாடாக்களை முதலில் மாற்றிக்கொள்வது நல்லது.