யந்திரங்களைத் துலக்கும் தெளிதிரவங்கள்

பெரும்போக அறுவடை முடிந்ததும் உழவு யந்திரத்தையும் நீரிறைக்கும் யந்திரத்தையும் துலக்கி வைப்பது கமக்காரரிடையே உள்ள நல்வழக்கமாகும். ஆயின், எவ்வுறுப்பாயினும் மண்ணெண்ணெயில் தோய்த்த துணியால் துடைத்தாற் போதும் என்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்தே நிலவுகின்றது. எஞ்சினின் புறத்தே படிந்த கிறீசுக்கு இஃது ஓரளவு பொருந்தும். பிறேக்குக்கு ஒருபோதும் பொருந்தாது.

காரணம் யாதெனில், பிறேக் உராய்வினாலேயே தொழிற்படுகின்றது. மண்ணெண்ணெயோ மெல்லிய எண்ணெய்ப் படலமொன்றை விட்டே உலரும். அப்படலம் லைனிங்கில் ஊறிவிடின் உராய்வு குன்றும். கோவா மூடைகளுடன் நுவரெலியாவிலிருந்து இறங்கும் லொறிக்கோ, நெல் மூடைகளுடன் குளக்கட்டிற் செல்லும் உழவு யந்திரத்துக்கோ இதனால் நேரக்கூடியதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு பக்கச் சில்லில் மட்டும் எண்ணெய் பட்டிருப்பினும், பிறேக்கை மிதித்தவுடன் வாகனம் மறுபக்கம் இழுபடும். எண்ணெய் ஊறிய லைனிங்கை மாற்றுவதே முறை.

ஆகவே, எண்ணெயில் அமிழாத உலர் பிறேக்குக்கு, விரைவில் ஆவியாகி எச்சம் விடாத பிறேக் கிளீனரையே தெரிந்தெடுத்தல் வேண்டும். இதில் குளோரீன் சேர்ந்தது, சேராதது என இரு வகையுண்டு. சேராதது எளிதில் தீப்பற்றும். சேர்ந்தது எளிதில் தீப்பற்றாதெனினும், அது உலராதிருக்கும் இடத்தில் வெல்டிங் செய்யின் பொஸ்ஜீன் என்னும் கொடிய நச்சுவாயு உண்டாகலாம். டப்பாவின் நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன் அதன் லேபலை வாசிப்பது நன்று. எவ்வகையாயினும், உறுப்புக்கள் ஆறிய பின்னர், காற்றோட்டமுள்ள வெளியிலேயே தெளித்தல் வேண்டும்.

பழைய லைனிங்கின் தூசியில் அஸ்பெஸ்தோஸ் இருக்கக்கூடும். அதனை ஊதி அகற்றலாகாது. திரவத்தால் நனைத்துத் துடைத்தெடுக்க வேண்டும். ஐதரோலிக் பிறேக்கின் சிலிண்டரிலுள்ள றப்பர் உறுப்புக்கள் பெற்றோலோ மண்ணெண்ணெயோ பட்டால் ஊதிப்போகும். அவற்றை, உற்பத்தியாளர் விதித்த பிறேக் எண்ணெயாற் கழுவுவதே பாதுகாப்பானது.

காபுரேற்றர் கிளீனர் வேறொரு பொருளாகும். பெற்றோல் நெடுநாள் தேங்கி உண்டாகும் பிசினை அது கரைக்கும். பல மாதங்கள் ஓடாதிருந்த நீரிறைக்கும் யந்திரத்துக்கு மிக உதவும். றப்பர் வளையங்களையும் வர்ணத்தையும் அது கெடுக்கக்கூடுமாதலால், வளையங்களை முதலிற் கழற்ற வேண்டும். டீசல் எஞ்சினில் காபுரேற்றர் இல்லை. அதற்கென இதனை வாங்குவது வீண்செலவு.

எஞ்சினின் புறத்துக்கு நீருடன் கழுவத்தக்க கிறீசு நீக்கி போதுமானது. எஞ்சின் ஆறிய பின், காற்றுவாயிலையும் மின்னுறுப்புக்களையும் பொலித்தீனால் மூடியே கழுவ வேண்டும். கடுங்காரம் கொண்ட வகை அலுமினிய உறுப்புக்களை அரிக்கும். கழுவும் இடம் கிணற்றடியாகவோ வாய்க்காலோரமாகவோ இருத்தலாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்திற் சிந்திய எண்ணெய், வெடிப்புக்களின் வழியே விரைவில் நிலத்தடி நீரைச் சென்றடையும். அந்நீரே குடிநீரும் தோட்டத்துக்கு இறைக்கும் நீருமாகும்.

வெறுமையான டப்பாக்களை நெருப்பிலிட்டால் அவை வெடிக்கும். பிறேக்கைத் துலக்கிய பின்னர், மூடைகளை ஏற்றுமுன், சமதரையில் மெதுவாக ஓட்டிப் பலமுறை மிதித்துப் பார்த்தல் வேண்டும்.